விதி ஏழு

ஆயிரம் ரூபா, அல்லது அதற்கு ஈடான ஒரு பொருள்.
சுவரில் ஒட்டியிருக்கிறது. குழு கூடி எழுதியது,
தட்டச்சடித்தது நான்.
‘ஈடான’ என்று அடித்தபோது
ஒன்றும் யோசிக்கவில்லை.

நூலகத்தின் பின்னறை. முன்பு கிழிந்த புத்தகங்கள் கிடந்த இடம்.
இப்போது பதினாறு வயலின்,
எந்தப் பள்ளிக்கூட பாண்டோ கைவிட்ட இரண்டு ட்ரம்,
ஐந்து தந்தியோடு ஒரு கிற்றார்,
நடுவில் ஒரு கட்டை மட்டும் பேசாத மெலோடிக்கா.
பதினாறு என்றது பெட்டிக் கணக்கு.
திறந்தால் வயலின் பதினொன்று.

எதிர்ச்சுவரில் பிணை அலுமாரி.
முதல் மாதமே நிறைந்துவிட்டது.
அதில் காசு உறை இரண்டே இரண்டு.

வில்லூன்றியிலிருந்து இடியப்ப உரல் வந்தது,
மிருதங்கத்துக்கு. அந்த வீட்டில் மூன்று கிழமையாய்ப் பாண்.
பாலையூற்று ஒக்கர்ஸ் வீட்டுப் பொடியன்
கிற்றாருக்கு ஒற்றைச் சப்பாத்து வைத்தான்:
“மற்றது என்னட்ட இருக்கு, மிஸ்.
இனி ரெண்டுபேரும் ஓடேலாது.”
ஜமாலியா நுஸ்ஹா தீப்பெட்டியை நீட்டினாள்.
அதையும் பதிந்தேன்: பாற்பல், ஒன்று.
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு.

டிலுக்சியா கொண்டு வந்தது நெற்றி லைற்.
திருக்கடலூர், தரம் ஆறு, முக்கால் அளவு வயலின்.
லைற்றின் பட்டியில் உப்புப் பூத்திருந்தது.
இரண்டு கிழமைத் தவணை எழுதி ரசீது கொடுத்தேன்.

அன்று நாலரைக்கே திரும்பி வந்தாள்.
வயலினை மேசையில் வைத்தாள், லைற்றை வாங்கிக்கொண்டு போனாள்.
பிடிக்கவில்லையாக்கும் என்றிருந்தேன்.
காலை எட்டரைக்குக் கதவடியில் நிற்கிறாள்,
லைற்றோடு.

ஓகஸ்ட் விடுமுறை. ஒன்பது நாள் இப்படி.
வாங்கியது கொடுத்தது வாங்கியது கொடுத்தது,
ஒரே பெயர் பக்கம் முழுக்க.
பத்தாம் நாள் கேட்டேன், கொஞ்சம் கோபமாய்த்தான்:
என்ன பிள்ளை, இது என்ன விளையாட்டு?

பெட்டியின் கொளுவியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்:
“அப்பா ராவைக்குக் கணவாய்க்குப் போறவர், மிஸ்.
லைற் வேணுமெல்லோ.
பகல்ல அவர் நித்திரை.”

அப்ப நீ எங்க வாசிக்கிறனி?

“கரையேத்தின வள்ளத்துக்குள்ள.
அவர் எழும்பக் கூடாதெல்லோ.”

எனக்கு ஸ்வரம் தெரியாது. கணக்குத் தெரியும்.
எட்டரையிலிருந்து நாலரை, எட்டு மணித்தியாலம்.
அதில் திருக்கடலூருக்கு நடக்கிற நேரத்தைக் கழி.
வள்ளத்தில் நிழல் விழாத நேரத்தைக் கழி.
மிச்சம் பதினாறு மணித்தியாலமும்
வயலின் இங்கே, பூட்டின அறைக்குள்,
பல்லிக்கும் உதவாமல்.

விதி ஏழை நான் மாற்ற ஏலாது.
குழு இனி ஒக்டோபரில்தான்.
என் கைக்கடிகாரத்தைக் கழற்றி
லைற் இருந்த தட்டில் வைத்தேன்.
பதிந்தேன்: கடிகாரம், ஒன்று. உரியவர் அ. டிலுக்சியா.
பன்னிரண்டு வருட உத்தியோகத்தில்
நான் எழுதிய முதற்பொய்.

“அது உங்கடையெல்லோ?”
இல்லை, உன்னுடையது. பதிவேட்டைப் பார்.

தோளில் லைற், ஒரு கையில் பெட்டி, மற்றதில் புது ரசீது.
வாசலில் வழக்கமான மான்கள்,
பாண் சுற்றின கடதாசிக்குக் காத்திருப்பவை.
அவள் கை மாற்றுகிற கணத்தில்
ஒன்று ரசீதை இழுத்து மென்றது,
முத்திரையையும் சேர்த்து.
திரும்பிப் பார்த்தாள்,
அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம்.
போ, போ என்று கையைக் காட்டினேன்.

ஒக்டோபரில் குழு கூடி
ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசியது.
டிலுக்சியா தவணை நீட்டிக்க வந்தாள்.
பேனையைப் பிடித்த இடக்கை விரல்களின் நுனி
தடித்திருந்தது. வாசித்துக் காட்டு என்று
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிறகு கணக்காய்வாளர் வந்தார்.
சப்பாத்தை எண்ணினார். தீப்பெட்டியைத் திறந்து
மெதுவாய் மூடினார்.
கடிகாரத்தைக் காதோடு வைத்து,
“இது ஓடுதே” என்றார்.

ஓம், சேர். காலையில் சாவி கொடுக்கிறனான்.

யாராவது நேரம் கேட்டால்
இப்போதெல்லாம் எழுந்துபோய்
அலுமாரியைத் திறந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.